சாரலுக்கு முன்னால் ஒரு ஓடு

வீட்டு வேலை: கேள்வி – பதில்

செங்கோட்டையில் முப்பத்தொரு வருடமாக ஹார்டுவேர் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்கள் அக்கா என்பார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலையிலிருந்து வருகிறவர்கள் சேச்சி என்பார்கள். கடிதத்தில் மட்டும் எல்லோரும் 'மேடம்' போடுகிறீர்கள். வேண்டாம், யாரோ ஆபீசரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். வீட்டில் வேலை குவிந்து கிடக்கிறது, செய்ய மனசு வரவில்லை. கத்திரி வெயிலில் யாருக்கு வரும்? ஆனால் ஜூன் 1-ஐ ஒட்டி கேரளத்தில் மழை இறங்கிவிடும். கணவாய் வழியாக நமக்குச் சாரல் வந்து சேர அதிக நாள் ஆகாது. அதனால் இந்தத் தடவை முழுக்க இதே பேச்சுதான்.

கேள்வி: பாத்ரூம் குழாய் எட்டு மாதமாகச் சொட்டுகிறது. 'வர்ற ஞாயிற்றுக்கிழமை பார்த்துடலாம்' என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே முப்பது ஞாயிறு போய்விட்டது. மற்றபடி தங்கமான மனிதர். அவருக்கு எப்படி மனசு வரவைப்பது?
– வாசகி, புளியரை

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போல நூறு பேரைக் கடையில் பார்த்திருக்கிறேன். ஞாயிறு பதினொரு மணிக்கு, சட்டை மாற்றி, தலைசீவி வருவார்கள்.

"அக்கா, குழாய்க்கு ஒரு வாஷர் குடுங்க."

"அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?"

"சாதாக் குழாய்தான்."

"திருகுற குழாயா, லேசாத் திருப்பினா திறக்குற குழாயா?"

இந்த இடத்தில் முகம் மாறும். பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அதில் ஒருவர் கொத்தனார், சிரிப்பார். "பார்த்துட்டு வர்றேங்க்கா" என்று போகிறவர் அந்த மாதம் திரும்பி வர மாட்டார். வீட்டில் அவருக்குச் சோம்பேறி என்று பட்டம் கிடைக்கும். எனக்கென்னவோ அது சோம்பல் மாதிரித் தெரியவில்லை. எதைக் கேட்பது என்று தெரியாமல் கடை வாசலில் நின்ற கூச்சம் அது. அதை வீட்டில் சொல்ல முடியாது, 'அடுத்த ஞாயிறு' என்றுதான் சொல்ல முடியும்.

அதனால் அவருடைய மனசை விடுங்கள், குழாயைக் கழற்றுங்கள். நீங்களே செய்யலாம். குழாய்க்கு வருகிற தண்ணீரை நிறுத்துகிற கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். ஸ்பேனரால் குழாயின் தலையைத் திருகி எடுத்தால், திருகுக் குழாயாக இருந்தால் அடியில் வட்டமாக ரப்பர் வாஷர் இருக்கும். தேய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். கால் சுற்றிலேயே திறக்கிற குழாய் என்றால் அந்த வாஷரைத் தேட வேண்டாம், உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். எது வந்தாலும் ஒரு துணியில் துடைத்து அவர் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். கடைக்காரர் என்ன கேட்டாலும் அதை எடுத்து மேசையில் வைத்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். குழாய் திறந்து கிடக்கும்போது வால்வைத் திறக்க முடியாது, வால்வைத் திறக்காமல் வீட்டில் யாரும் குளிக்க முடியாது. அன்றைக்கே வேலை முடிந்துவிடும், பாருங்கள்.

குழாயையே மாற்றுவதாக இருந்தால் மரையில் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டும். மரையை உங்கள் பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயை முடுக்க முடுக்க டேப் பிரிந்து வெளியே வந்துவிடும். கடைக்கு இரண்டாம் தடவை வருகிறவர்களில் நிறையப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் வீட்டிலும் குழாய் சொட்டியது. ஒரு டம்ளரை அடியில் வைத்துப் பார்த்தேன். 200 மில்லி டம்ளர், ஒரு மணி நேரத்தில் நிறைந்தது. ஒரு நாளைக்கு 4.8 லிட்டர். உங்கள் எட்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 1,150 லிட்டர், அதாவது மொட்டை மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று நிறைந்து வழிந்திருக்கும். இவ்வளவு கணக்குப் போட்ட பிறகும் எனக்கு மனசு வந்ததா என்றால், வரவில்லை. ஒரு நாள் கடையிலிருந்து ஸ்பேனரைக் கொண்டுவந்து சோப்பு வைக்கிற மாடத்தில் வைத்தேன். காலையில் சோப்புக்குக் கை நீட்டும்போதெல்லாம் ஸ்பேனர் தட்டுப்பட்டது. மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல் கழற்றிவிட்டேன்.

கேள்வி: நான் எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓட்டு வீடு. ஓய்வுக்குப் பிறகு செய்ய வேண்டியவை என்று நோட்டில் 27 வேலைகளை நம்பர் போட்டு எழுதி வைத்தேன். பதினாலு மாதம் ஆகிறது. நோட்டைத் திறந்தாலே அசதியாக இருக்கிறது, மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறேன். பட்டியலை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், புனலூர்

பதில்: அண்ணாச்சி, உங்கள் பட்டியலைக் கடையில் வைத்து இரண்டு தடவை படித்தேன். 4-ம் நம்பர் 'ஜன்னல் கொக்கி'. 5-ம் நம்பர் 'கூரை சரிசெய்தல்'. கொக்கி அஞ்சு நிமிஷம். கூரை என்று நீங்கள் எழுதியிருப்பது ஒரு வேலையே கிடையாது, அது ஒரு வருடம். இரண்டையும் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்தால் நோட்டைத் திறக்க யாருக்கும் கை வராது.

27-ஐயும் விடுங்கள். மழை வந்தால் எது கெடும், அதை மட்டும் தனியாக எடுங்கள். என் கணக்கில் மூன்றுதான் தேறுகிறது: ஓடு, இறவாரத்து ஓரமாக மழைத்தண்ணீர் ஓடுகிற தகரம் (உங்கள் ஊரில் பாத்தி என்பார்கள்), பின்வாசல் மரக்கதவின் அடிப்பலகை. மிச்சம் இருக்கிற 24 வேலையும் ஆவணி வரைக்கும் காத்திருக்கும். அலமாரிக்குப் பேப்பர் விரிப்பதற்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் கட்டியது. 1956 நவம்பர் 1-ம் தேதி ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. கூரை வரவில்லை, அது இன்னும் அந்தப் பக்கத்து மாதிரிதான்: நல்ல சரிவு, மங்களூர் ஓடு, நாலு பக்கமும் நீட்டிவிட்ட இறவாரம். அடுக்களைக்கு மேலே குரங்கு குதித்து ஒரே ஒரு ஓடு கீறல் விட்டது. அந்த வருடச் சாரலில் சொட்டியது. அடியில் ஒரு அலுமினியச் சட்டியை வைத்தேன்.

சாரல் என்பது கொட்டித் தீர்க்கிற மழையாக இருந்தால் நான் தப்பித்திருப்பேன். சட்டி அரை மணியில் வழிந்து, அன்றைக்கே ஆள் கூப்பிட்டிருப்பேன். சாரல் அப்படியா? பூந்தூறலாகத் தூறும், வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி தூறும். சட்டி நிறைய ஒரு நாள் ஆகும். ராத்திரியில் டங், டங் என்று சத்தம் கேட்கிறது என்று சட்டிக்குள் ஒரு பழைய துண்டைப் போட்டேன். அந்தத் துண்டுதான் என்னைக் கெடுத்தது. சத்தம் நின்றதும் ஓடும் மறந்துவிட்டது.

மூன்று சாரல் போனது. மூன்றாம் வருடம் பரணில் ஏதோ எடுக்க ஏறியவள், மேலே ஓட்டைத் தாங்குகிற பட்டியல் சட்டத்தை விரலால் தொட்டேன். விரல் உள்ளே போனது, ஈரமான பிஸ்கட்டில் போகிற மாதிரி. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆசாரி ஒருவரை வரவழைத்தேன். இன்றைக்கும் இஞ்ச் டேப்பை மதிக்காமல் கோல், விரல் என்று அளக்கிறவர். ஒரு கோலுக்கு 24 விரல், நம் கணக்கில் 72 சென்டிமீட்டர். அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓட்டுப் பணி அல்ல சேச்சி, இது இனி மரப்பணியா" என்றார், ஓட்டு வேலை இல்லை, இனி மரவேலை என்று. ஒன்பது பட்டியல் சட்டம், அதைத் தாங்குகிற ஒரு கைமரத்தின் நுனி, நாலு நாள் கூலி. கால் மணி நேரத்தில் மாற்றியிருக்க வேண்டிய ஓடு அது. கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தவள் வீட்டில்தான் இது நடந்தது.

அதனால் நாளைக்கு இதைச் செய்யுங்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நல்ல வெயிலில், ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பாருங்கள். எங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஓடு உடைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. ஒரு கம்பு நுனியில் சாக்பீஸைக் கட்டி, பக்கத்துப் பட்டியல் சட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிஷம். அன்றைக்கு அவ்வளவுதான், அப்புறம் டீ குடிக்கப் போகலாம்.

கூரை மேலே நீங்கள் ஏற வேண்டாம். பாசி காய்ந்து கிடந்தாலும் வழுக்கும், ஓடும் நடுவில் மிதித்தால் உடையும். பழகின ஆள் பட்டியல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்து கால் வைப்பான். ஆள் வந்து ஒரு ஓட்டை இறக்கியதும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி முத்திரை இருக்கும். வேறு கம்பெனி ஓடு பல்லுக்குப் பல் சரியாகப் பொருந்தாது, அரை விரல் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடுக்கில் மறுபடி ஒழுகும். அதே முத்திரை கடையில் கிடைக்காவிட்டால், பழைய வீடு இடித்த சாமான் விற்கிற இடத்தில் தேடுங்கள். பத்து ஓடு கூடுதலாக வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள்.

இதற்கும் அசைய மாட்டேன் என்றால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. சென்னையில் இருக்கிற சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு, குற்றாலம் சீசனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து தங்குங்கள் என்று சொல்லிவிடுங்கள். விருந்தாளியைவிடப் பெரிய மேஸ்திரி கிடையாது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த வாரம் என் கடையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: மூன்று தீபாவளியாக ஹால் சுவருக்கு நானே பெயிண்ட் அடித்தேன். பட்டி பார்த்து, இரண்டு கோட். நாலே மாதத்தில் கீழிருந்து முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உரிந்துவிடுகிறது. இந்த வருடம் பிரஷைப் பார்த்தாலே வெறுப்பாக வருகிறது. உற்சாகம் வர ஏதாவது சொல்லுங்கள்.
– வாசகர், களியக்காவிளை

பதில்: சொல்ல மாட்டேன் தம்பி. உங்கள் வெறுப்பு நியாயமானது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் விற்கிறவளே சொல்கிறேன், இந்த வருடம் வாங்காதீர்கள்.

சுவருக்குள்ளே எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது. வருகிற வழியில் செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்து, மேலே இருக்கிற பெயிண்டைத் தள்ளிவிடும். நீங்கள் மூன்று வருடமாகப் பெயிண்டோடு சண்டை போட்டிருக்கிறீர்கள், சண்டை போட வேண்டியது தண்ணீரோடு.

முதலில் ஒரு சோதனை. ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரைப் பார்க்கிற பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்க்கிற பக்கம் வியர்த்திருந்தால் காற்றில் இருக்கிற ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி குறையும். உங்கள் விஷயத்தில் முழங்கால் உயரம் என்கிறீர்கள், அநேகமாகத் தரையிலிருந்துதான் ஏறுகிறது. சுவருக்கு வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். மண் குவிந்து கிடக்கிறதா? செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அங்கே தேங்குகிறதா? சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா?

அதைச் சரிசெய்துவிட்டு, உரிந்த பெயிண்டைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். அப்புறம் சுவரைச் சும்மா விடுங்கள். மழைக்காலம் முழுக்க அசிங்கமாகத்தான் இருக்கும். யாராவது கேட்டால் செங்கோட்டைக் கடைக்காரி சொன்னாள் என்று என் பேரில் போடுங்கள். அடுத்த கோடையிலும் காய்ந்திருந்தால் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், பிளாஸ்டிக் பெயிண்ட் மாதிரி ஈரத்தை உள்ளே பூட்டாது.

கேள்வி: கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. தமிழ்ப் பையன்கள் மூன்று பேர் ஒரு ரூம். பாத்திரம் கழுவுவதில் தினமும் தகராறு. முறை போட்டு எழுதி ஒட்டினோம், யாரும் மதிப்பதில்லை.
– வாசகர்

பதில்: உங்கள் ரூமில் எத்தனை தட்டு இருக்கிறது? பன்னிரண்டு இருக்கும். அதுதான் கோளாறு. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றுங்கள். கழுவாதவனுக்கு அடுத்த வேளை சோறு எதில் போடுவது? முறைத்தாளைக் கிழித்துவிடலாம்.

கேள்வி: துவைத்த துணியை மடிக்கவே பிடிப்பதில்லை அக்கா. நாற்காலியில் குவித்து வைக்கிறேன். மாமியார் எதுவும் சொல்வதில்லை, அந்த நாற்காலியை ஒரு மாதிரிப் பார்ப்பார்.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: ஒன்றும் சொல்லாமல் பார்க்கிற மாமியார் கிடைத்திருக்கிறார், சந்தோஷப்படுங்கள். கொடியிலிருந்து எடுக்கும்போதே அங்கேயே நின்று மடியுங்கள். வெயில் சூடு இருக்கும்போது துணி சொன்னபடி கேட்கும், சுருக்கமும் விழாது. வீட்டுக்குள் கொண்டுவந்து குவித்துவிட்டால் அப்புறம் யாராலும் முடியாது, என்னாலும். உள்ளாடை, சின்னப் பிள்ளைகள் வீட்டில் போடுகிற சட்டையெல்லாம் மடிக்கவே வேண்டாம், ஒரு கூடையில் போடுங்கள். அதை மடித்து யாருக்குக் காட்டப் போகிறோம்?

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் முடிக்காமல் கிடக்கிற வேலை என்ன?
– வாசகி, தென்காசி

பதில்: வாசல் கதவு. மேல் கீல் தளர்ந்து கதவு இறங்கிவிட்டது. தாழ்ப்பாள் போட வேண்டுமென்றால் இடது கால் பெருவிரலை அடியில் கொடுத்துக் கதவை லேசாகத் தூக்கி, அதே நேரம் வலது தோளால் ஒரு இடி இடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது, பேத்திகூட அழகாகச் செய்கிறாள். புதிதாக வருகிறவர்களுக்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நாலு ஸ்க்ரூ மாற்றினால் போதும். கடை நிறைய ஸ்க்ரூ இருக்கிறது. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தில், பழைய ஸ்க்ரூவில் ஒன்றைக் கழற்றி எடுத்துப்போக மறந்துவிடுகிறேன்.